உப்புக்காற்றில் சுழலும் விசிறி

மண்டபம் கடற்கரையில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், இரும்பு, துத்தநாகம் முதலிய லோகங்களின் தகடுகளைச் சட்டங்களில் பூட்டி, வெயிலுக்கும் மழைக்கும் கடற்காற்றுக்கும் திறந்து வைத்து, குறித்த காலம் கழிந்ததும் அவற்றை எடுத்துத் துருவைக் களைந்து நிறுத்துப் பார்த்து, காற்று தின்றது போக எஞ்சியது எவ்வளவு என்று கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த அந்த நிலையம், அரிமானத்தை ஆராய்வதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பதைப் பெண்கடல் என்றும் ஆர்ப்பரிப்பதை ஆண்கடல் என்றும் இப்பிரதேசத்தார் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் அந்த நிலத்தில் கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் காற்று ஏதாவது ஒரு கடலைக் கடந்தே வந்தாக வேண்டுமாதலால், உப்பில்லாத காற்று அங்கே அபூர்வம்.

இந்தக் காற்றின் பிரதாபத்தை அதிகம் அறிந்தது பாம்பன் பாலம். 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலம் நூறாண்டுகளுக்கு மேல் நின்றது என்றால், அதற்கு ஓயாமல் வர்ணம் பூசியும் அரித்த உறுப்புகளை மாற்றியும் வந்த தொழிலாளர்களின் உழைப்பே பெரிதும் காரணம்; அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடியாக உலகிலேயே லோகத்தை அதிகமாக அரிக்கும் இடம் இதுதான் என்று அடிக்கடி சொல்லப்படுவதும் உண்டு. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்னும் விசேஷப் பூச்சும் இடம்பெற்றிருக்கின்றன. பாலத்தைக் கவனிக்க எஞ்சினியர்கள் இருக்கிறார்கள். அதே காற்று ஜன்னல் வழியே புகுந்து, வீட்டு மேஜையின் மேல் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் செய்யும் வேலையைக் கவனிப்பார் இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றியும், அதன் பின்புறத்தில் சுழலும் உள்ளங்கை அகல விசிறியைப் பற்றியுமே இங்கே எழுத விரும்புகிறேன்.

பெட்டிக்கு வழக்கில் நாஸ் என்று பெயர். இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்குகளைத் தன்னுள் வைத்துக்கொண்டு, வீட்டு வைஃபையின் மூலம் எந்தக் கணினியும் எந்தக் கைபேசியும் எடுத்துப் பார்க்கும்படி படங்களையும் பத்திரங்களையும் காத்து நிற்பது அதன் தொழில். கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இது இன்றியமையாத சாதனமாகிவிட்டது. இராமேசுவரத்தில் யாத்திரிகர்கள் தங்கும் விடுதிகளில் கேமராக் காட்சிகளைப் பதிந்து வைக்கும் பெட்டியும் ஏறக்குறைய இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். இரவு பகல் என்றில்லாமல் ஓடுவதாகையால், வாங்கிய சில காலத்துக்கு இருப்பதே தெரியாமல் இருந்த பெட்டி, ஒருநாள் முனகத் தொடங்கி, பிறகு உறுமி, இறுதியில் பக்கத்து அறையில் படுத்திருப்பவரையும் எழுப்பிவிடும் நிலைக்கு வருகிறது.

சப்தம் கேட்டவுடன் விசிறியின்மேல் பழி சுமத்துவது நியாயமன்று. பெட்டிக்குள் சுழலும் பொருள்கள் பல. ஹார்ட் டிஸ்கின் தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன; அவற்றின் மெல்லிய ரீங்காரம் சுருதி மாறாமல் இருப்பது. பெட்டியில் எழுதும்போதும் படிக்கும்போதும் மட்டும் கேட்கும் கடகட ஒலி தட்டின்மேல் அலையும் முள்ளினுடையது. ‘டிக் டிக்’ என்று ஒரே சீராகக் கேட்டால், தளர்ந்த ஒயர் ஒன்று இறக்கையில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகு, விசிறியின் நடுக்குமிழை விரல்நுனியால் மெல்லத் தொட்டு ஒரு கணம் நிறுத்தினால், சப்தம் அதோடு நின்றதா இல்லையா என்பது பிரத்தியட்சமாகிவிடும். இறக்கையின் ஓரத்தைப் பிடித்து நிறுத்துவது மட்டும் கூடாது.

நல்ல நிலையில் உள்ள விசிறியும் ஒலியின்றி இயங்குவதில்லை. ஏழு இறக்கைகளை உடைய விசிறி ஒன்று நிமிஷத்துக்கு 1,800 முறை சுழல்கிறது என்று கொண்டால், வினாடிக்கு 30 சுற்று. சட்டத்தின் ஒரு புள்ளியை வினாடிக்கு 210 இறக்கைகள் கடக்கின்றன. அந்த 210 அதிர்வே நம் காதில் ஸ்வரமாகக் கேட்கிறது. சங்கீதம் அறிந்தவர்கள் இதை ஐந்தரைக் கட்டைக்கு மிக நெருங்கிய சுருதி என்று உடனே சொல்லிவிடுவார்கள். விசிறியின் நடுப்பாகத்தைத் தாங்கும் கைகளின் எண்ணிக்கையும் இறக்கைகளின் எண்ணிக்கையும் ஒன்றையொன்று வகுக்காதபடி, நான்கு கைகளுக்கு ஏழு இறக்கை, மூன்று கைகளுக்கு ஏழோ பதினொன்றோ என்று அமைப்பதன் மர்மமும் இதுதான்: எல்லா இறக்கைகளும் ஒரே சமயத்தில் எல்லாக் கைகளையும் கடந்தால் ஸ்வரம் உரத்துவிடும்; வெவ்வேறு கணங்களில் கடந்தால் ஒலி சிதறி மென்மையாகிவிடும்.

ஆனால் பழுதுற்ற விசிறியின் உறுமல் இந்த ஸ்வரம் அன்று. அது பேரிங்கிலிருந்து எழுவது. மலிவான விசிறிகளில் சுமார் மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகு அச்சு ஒன்று, வெண்கலத் துகள்களைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த சிறு குழலுக்குள் சுழல்கிறது. அந்தக் குழல் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் நிறைந்தது. துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கிறது. அச்சு சுழலும்போது எண்ணெய் கசிந்து வந்து, அச்சுக்கும் குழலுக்கும் நடுவே படலமாக நின்று, லோகம் லோகத்தைத் தொடாமல் காக்கிறது.

இந்தப் படலத்தின் வலிமையை உலகம் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1883-ல் இங்கிலாந்தில் பீச்சாம் டவர் என்பவர், ரயில் வண்டிகளின் அச்சு போன்றதொரு அச்சை எண்ணெயில் தோயவிட்டுச் சுழற்றிப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, மேலிருந்த பித்தளைத் தாங்கியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். விடவேண்டிய எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக, உள்ளிருந்த எண்ணெய் துளை வழியே மேலெழுந்து வழியத் தொடங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை மெல்ல வெளித்தள்ளப்பட்டது. மரச்செருகை அடித்து இறுக்கினார், அதுவும் வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோதுதான், சுழலும் அச்சு தானாகவே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துச் சென்று, தன்மேல் உள்ள பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்தும் அளவுக்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது புலனாயிற்று. 1886-ல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணித ரூபம் கொடுத்தார். பாம்பனைக் கடந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில்களின் சக்கரங்கள் சுழன்றதும் இந்தப் படலத்தின் மேல்தான். நாஸ் பெட்டியின் விசிறி சுழல்வதும் அதன் மேல்தான்.

படலம் எதனால் அழிகிறது? பெட்டியிலிருந்து வெளியேறும் உஷ்ணக் காற்று இரவும் பகலும் விசிறியின் நடுப்பாகத்தைத் தழுவிக்கொண்டு போவதால், எண்ணெயின் மெல்லிய பகுதி சிறிது சிறிதாக ஆவியாகிவிடுகிறது. எஞ்சிய பகுதி, காற்றோடு வந்த நுண்ணிய தூசியைச் சேர்த்துக்கொண்டு களிம்பாகிறது. அச்சு குழலைத் தொட ஆரம்பிக்கிறது. தொட்ட இடம் தேய்கிறது. குழல் வட்டம் குலைந்து நீள்வட்டமாகிறது. அச்சு அதற்குள் தள்ளாடுகிறது. அந்தத் தள்ளாட்டமே உறுமல். இதற்குப் பரிகாரமாகச் சிலர் தையல் யந்திர எண்ணெயில் ஒரு சொட்டு விடுவார்கள், உறுமலும் அடங்கும். ஆனால் தேய்ந்த குழலை எண்ணெய் வளர்த்துக் கொடுப்பதில்லையாதலால், சில காலத்துக்குள் சப்தம் திரும்பி வரும். மாற்று விசிறி வந்து சேரும் வரையில் பொறுத்துக்கொள்வதற்கு இது உதவலாம். வைத்தியம் என்று எண்ணலாகாது.

குண்டு பேரிங் உள்ள விசிறி உஷ்ணத்தை நன்றாகத் தாங்கும். ஆயினும் அதன் குண்டுகளும் வளையங்களும் பெரும்பாலும் குரோமியம் கலந்த சாதாரண எஃகினால் ஆனவை. உப்பீரம் பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். பளிங்குபோல் உருளவேண்டிய பாதையில் ஒரு புள்ளி விழுந்துவிட்டால், அது ஒவ்வொரு சுற்றிலும் தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும். ஆகவே உள்நாட்டு ஊர்களுக்கு எழுதப்பட்ட சிபாரிசுகளை இந்தக் கரையில் அப்படியே கடைப்பிடிப்பது விவேகமன்று.

இங்கே நாம் நின்று யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விசிறி உள்ளே இருப்பது உஷ்ணத்தை வெளியேற்ற. அதற்கு எவ்வளவு காற்று வேண்டும்? இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி 25 வாட் உஷ்ணத்தை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அறைக் காற்றைவிடப் பெட்டியின் காற்று பத்து டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருப்பதற்கு வினாடிக்குச் சுமார் இரண்டு லிட்டர் காற்றே போதுமானது. சிறிய அளவுதான், ஆனால் ஒரு நாள் முழுவதும் கூட்டிப் பார்த்தால் 170 கன மீட்டருக்கு மேல் வருகிறது. 600 சதுர அடி பரப்பும் பத்தடி உயரமும் கொண்ட வீட்டின் காற்று முழுவதும் ஒரே நாளில் அந்தப் பெட்டியின் வழியே புகுந்து வெளிவருகிறது என்று பொருள். விசிறியை ஐந்து பங்கு வேகத்தில் ஓட்டினால், ஐந்து வீட்டுக் காற்றும், அதிலுள்ள உப்பும் தூசியும் உள்ளே நுழைகின்றன. கரையில் அலை உடையும்போது எழும் குமிழிகள் வெடித்துச் சிதறும் நுண்துளிகளே அந்த உப்பின் பிறப்பிடம். நீர் ஆவியானபின் எஞ்சும் துகள் காற்றில் மிதந்து வந்து, எந்தப் பரப்பில் மோதினாலும் ஒட்டிக்கொள்கிறது.

உலர்ந்த உப்பினால் அதிகக் கேடு இல்லை. கேடெல்லாம் அது நீர்கொள்ளும்போதுதான். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைந்து உப்புநீர்த் துளியாகிவிடுகிறது. கடல் உப்போடு கலந்து வரும் மக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளத்துத் தொழிலாளர்கள், உப்பு பூத்தபின் பாத்தியில் எஞ்சும் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்து அகற்றுவதும், அதை அகற்றாத உப்பு அடுப்படி ஜாடியில் கசிந்து கிடப்பதும் இந்தக் காரணத்தினால்தான். மின் இணைப்புகளின்மேல் இத்தகைய துளி ஒன்று படிந்தால், செம்பையும் ஈயப் பற்றையும் அரிப்பதோடு, தொடக்கூடாத இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்சாரம் கடந்து செல்லப் பாலமும் போட்டுவிடுகிறது.

இனி, ஒரு சிறு கணக்கு. அறையில் 30 டிகிரி உஷ்ணமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கின்றன. இக்கரையில் இது அதிசயமான நாள் அன்று. அந்தக் காற்று பெட்டிக்குள் சென்று 40 டிகிரிக்குச் சூடானால், அதில் உள்ள நீராவி கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் சூடான காற்று அதிக நீராவியைத் தாங்க வல்லதாகையால், ஒப்பு ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடுகிறது. சோடியம் குளோரைடு உலர்ந்தே கிடக்கும். மக்னீசிய உப்பு மட்டும் கொஞ்சம் நசநசத்திருக்கும். அதே பெட்டியில் விசிறியை மூர்க்கமாக ஓட்டி உட்காற்றை 32 டிகிரியிலேயே வைத்தால், ஈரப்பதம் 71 சதவீதம்; கரையும் எல்லைக்கு வெகு அருகில். உஷ்ணத்தை முற்றிலும் விரட்டிவிடுவதாக நினைத்து, உப்புக்கு நீர் வார்த்தவர்களாகிறோம்.

உஷ்ணம் டிஸ்குக்குப் பரம விரோதி என்ற அபிப்பிராயம் பரவலாக இருப்பதால், இந்த முடிவு பலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். 2007-ல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளின் சரித்திரத்தைத் தொகுத்து வெளியிட்ட ஆராய்ச்சியில், மிக உயர்ந்த உஷ்ணநிலையிலும் வயது முதிர்ந்த டிஸ்குகளிலும் அன்றி, மிதமான உஷ்ணத்துக்கும் பழுதுக்கும் வலுவான சம்பந்தம் காணப்படவில்லை. குளிர்ச்சியாக வைக்கப்பட்டவையே சற்று அதிகமாகக் கெட்டிருந்தன. 2016-ல் மைக்ரோசாஃப்டின் ஒன்பது தரவு மையங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்தவர்கள், உஷ்ணத்தைக் காட்டிலும் ஒப்பு ஈரப்பதமே பழுதுக்குப் பிரதான காரணம் என்றும், அது பெரும்பாலும் டிஸ்கை ஆளும் மின்பலகையையும் இணைப்புகளையுமே தாக்குகிறது என்றும் கண்டார்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 60 டிகிரி வரை அனுமதிக்கும் டிஸ்க், 42-லோ 45-லோ ஓடுவதைக் கண்டு பதறவேண்டியதில்லை. இராமேசுவரத்துப் பெட்டிக்கு என் யோசனை கேட்டால், மெதுவாகச் சுழலும் விசிறியே சிரேஷ்டம் என்பேன்.

மெதுவான விசிறியின் மற்றொரு பெருமை அதன் மௌனம். வேகம் பாதியானால் காற்றும் பாதியாகிறது. மின்செலவோ எட்டில் ஒன்றாகிறது. சப்தம் சுமார் 15 டெசிபெல் குறைகிறது. பத்து டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்பது பொது விதி.

கடைக்குப் போகுமுன் பழைய விசிறியைக் கழற்றிப் பார்த்துவிடுவது உத்தமம். இரண்டு டிஸ்க் பெட்டிகளில் 92 மில்லிமீட்டர் விசிறி சாதாரணம். 80, 120 ஆகியனவும் உண்டு. கனம் 25 மில்லிமீட்டரா, 15 மில்லிமீட்டரா என்பதையும், நடுவில் ஒட்டியுள்ள சீட்டில் 12 வோல்ட் என்று இருக்கிறதா என்பதையும், எத்தனை ஒயர் என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். மூன்று ஒயர் இருந்தால் இரண்டு மின்சாரத்துக்கு; மூன்றாவது, விசிறி சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் தன் வேகத்தைப் பெட்டிக்குத் தெரிவிக்கும் ஒயர். 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த காந்த விளைவைப் பயன்படுத்தும் சிறு உணர்வி ஒன்று, சுழலும் காந்த வளையத்தைக் கவனித்து இந்தத் துடிப்புகளைப் பிறப்பிக்கிறது. நான்காவது ஒயர் இருந்தால், அது பெட்டியிடமிருந்து வேகக் கட்டளை வாங்கிவரும். கட்டளை வினாடிக்கு 25,000 துடிப்புகளாக வருவதற்குக் காரணம், மனிதச் செவிக்கு எட்டும் எல்லை 20,000 என்பதே. சில தயாரிப்பாளர்கள் ஒயர்களின் வரிசையைத் தம் இஷ்டப்படி மாற்றி, செருகியையும் விசேஷமாக அமைத்துவிடுகிறார்கள். செருகி பொருந்துகிறது என்பதனாலேயே ஒயர் வரிசையும் பொருந்தும் என்று நம்பிவிடாமல், பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே மின்சாரம் கொடுக்கவேண்டும்.

பேரிங் விஷயத்தில், அச்சில் அம்புக்குறி போன்ற நுண்பள்ளங்கள் வெட்டி, எண்ணெய் வெளியே கசியாமல் நடுவுக்கே திரும்பும்படி மூடி முத்திரையிட்ட எண்ணெய்ப்படல வகையைத் தேடுவது நலம். டவர் கண்ட தத்துவமேதான். எண்ணெய் தப்பிப்போக வழி இல்லை என்பதே வித்தியாசம். உப்புப் பனிப் பரிசோதனையில் தேறியது என்று குறித்த விசிறிகளும் கிடைக்கின்றன; 35 டிகிரி உஷ்ணத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனியாகத் தெளித்துச் சோதிப்பது அதன் வழக்கமான முறை. விலை அதிகம், கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டுக்குத் தகும். உறையின்மேல் 50,000 மணி ஆயுள் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். ஓயாமல் ஓடும் பெட்டிக்கு அது ஆறு வருஷத்துக்கும் குறைவு. அந்தக் கணக்கும் உப்பில்லாத காற்றுக்கு உரியது.

மாற்றும் வேலை சுலபமானது. பெட்டியை அதன் மென்பொருள் வழியாக முறைப்படி நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கி, டிஸ்குகளை எடுக்க நேர்ந்தால் எது முதலாவது, எது இரண்டாவது என்று காகிதத் துண்டில் எழுதி ஒட்டிய பிறகே உருவவேண்டும். விசிறியின் காற்று, தாங்கு கைகளும் சீட்டும் உள்ள பக்கமாக வெளியேறும்; பெரும்பாலான பெட்டிகளில் விசிறி காற்றை வெளியே இழுத்துவிடுவதாகையால், சீட்டுப் பக்கம் வெளிநோக்கி இருக்கவேண்டும். திருகாணிகளுக்குப் பதில் ரப்பர் ஆணிகளால் பொருத்தினால், விசிறியின் நடுக்கம் தகரச் சுவருக்குப் பரவாது. திறந்த கையோடு, உள்ளே படிந்துள்ள சாம்பல் நிறப் பொடியை மெல்லிய தூரிகையால் அகற்றிவிடலாம். ஈரத்துணி மட்டும் உதவாது.

பெட்டியை மீண்டும் இயக்கியதும் ‘பீப்’ என்று அலறினால் திகைக்கவேண்டியதில்லை. புதிய விசிறி பழையதைவிட மெதுவாகச் சுழல்வதால், வேகத் துடிப்புகள் குறைந்து வருவதைக் கண்டு, விசிறி செத்துவிட்டது என்று பெட்டி முடிவு கட்டுகிறது. அமைப்பில் வேகத்தை ஒரு படி உயர்த்தினால் பெரும்பாலும் சமாதானமாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால், அந்தப் பெட்டிக்கு ஒத்துவரும் வேறு விசிறியைத் தேடவேண்டியதுதான். பிறகு ஒரு பெரிய கோப்பைப் பிரதி எடுக்க விட்டு, டிஸ்கின் உஷ்ணம் எங்கே போய் நிலைக்கிறது என்று பார்க்கவேண்டும்; சித்திரை வைகாசி வெயிலில் ஒருமுறை மறுபடியும் பார்ப்பது நல்லது.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம். காற்றே புகாத கண்ணாடி அலமாரிக்குள்ளும் வேண்டாம். வீட்டின் உள்ளறையில், சுவரை விட்டுச் சற்று விலக்கி வைத்தால் போதும். ஊருக்குப் போகும்போது பெட்டியை அணைத்துவிட்டுப் போவது சிக்கனமாகத் தோன்றினாலும், அணைந்த பெட்டி குளிர்ந்து அறைக் காற்றின் ஈரத்தை அடைவதால், உள்ளே படிந்த உப்பு இரவுதோறும் நீர் கொள்ளும். சில நாள் பயணமானால் ஓடவிட்டே போகலாம். மாதக்கணக்கில் பூட்டிச் செல்வதானால், டிஸ்குகளை உருவி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் இட்டு எடுத்துப் போவதே பத்திரம்.